இங்கிலீஷ் பப்பில் ரியல் ஏல்: புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் படிக்கவும் வேலை பார்க்கவும் நம் ஆட்கள் புதிதாக இங்கிலாந்தில் வந்து இறங்குகிறார்கள். குளிர் தொடங்குவதற்குள் அவர்களில் யாராவது ஒருவர், "அண்ணா, நல்ல பழைய பப் ஒன்றுக்குக் கூட்டிப் போங்களேன்" என்று கேட்டுவிடுவார். எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் வந்த புதிதில் நான் செய்ததையெல்லாம் அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாரில் போய்த்தான் ஆர்டர் செய்ய வேண்டும், சின்ன வயசாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சில்லென்று இல்லை என்று குறை சொல்வது

பப்பில் ரியல் ஏல் என்றாலும் கேஸ்க் ஏல் என்றாலும் ஒன்றுதான். வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், பீப்பாயில் அடைத்து பப்புக்கு வரும் பீர் அது. உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் கொஞ்சம் நொதித்துக்கொண்டே இருக்கும். அதில் இருக்கும் வாயு அப்படி உண்டானதுதான், வெளியிலிருந்து அழுத்தி ஏற்றுவதில்லை. பாரில் வரிசையாக நிற்கும் பம்புகளின் நீண்ட கைப்பிடிகளை இழுத்தால் பீர் கீழேயிருந்து ஏறி வரும்.

இதைப் பரிமாற வேண்டிய சூடு 11 முதல் 13 டிகிரி. சில்லென்று தரும் லாகர் வகை பீரைக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத்தான் தோன்றும். ஆனால் லூயிஸ் ஊரிலிருந்து வரும் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் போன்ற ஒரு பிட்டரை (கசப்பான ஏல் வகை) 4 டிகிரிக்குக் குளிர்வித்தால், மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் அடங்கிப்போய் வெறும் ஈரம்தான் மிஞ்சும். அரை பைன்ட் (பைன்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) வாங்கி, அவசரப்படாமல் குடியுங்கள். கிளாஸ் பாதியாகும்போதுதான் அதன் ருசியே பிடிபடும்.

நுரையும் ஊருக்கு ஊர் மாறும். யார்க்ஷயர் பக்கம் பம்பின் மூக்கில் சின்னத் துளைகள் கொண்ட மூடியைப் பொருத்தி, தடித்த நுரையோடு ஊற்றுவார்கள். தெற்கே பெரும்பாலும் நுரை குறைவு. இரண்டும் சரிதான். நுரை போக பீர் ரொம்பக் குறைவாக இருந்தால், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்கலாம். முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

பம்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது

பத்து பம்ப் இருந்தால் நல்ல பப், மூன்று இருந்தால் சுமார் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக வரும் ஃபெர்கின் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட். திறந்த பீப்பாயை மூன்று நாளில் விற்று முடிக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு 24 பைன்ட் போக வேண்டும், பத்து பம்புக்கு 240. செவ்வாய்க்கிழமை மதியம் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பப்பில் அது நடக்குமா? மூன்றே பம்ப் வைத்து, உள்ளூர்க்காரர்கள் விடாமல் வாங்கிக் குடிக்கும் இடத்துக்குப் போங்கள். எல்லாரும் எதை வாங்குகிறார்களோ அதையே நீங்களும் வாங்குங்கள்.

கெட்டுப்போன பைன்டை ஒன்றும் சொல்லாமல் குடித்து முடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி எனக்காக ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பப்பில் காத்திருந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பைன்ட் வாங்கி முக்கால்வாசி குடித்திருந்தான். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "இது இப்படித்தான் இருக்கும்போலண்ணா, கொஞ்சம் புளிக்குது" என்றான். கிளாஸை வாங்கி மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். வாய் வைக்கவே தேவையில்லாமல் போயிற்று, அப்படியொரு வினிகர் நெடி. அடியில் மிச்சமிருந்த பீர் கலங்கி, உயிரில்லாமல் கிடந்தது.

"சொல்லியிருக்கலாமே?"

"நமக்கு என்ன தெரியும்னு சொல்றதுண்ணா? தப்பா நினைச்சுட்டா?"

இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஐந்து பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் கெட்டிருக்கிறது, அதைச் சொல்ல நமக்குக் கூச்சம். அந்தக் காசுகூடப் போகட்டும். அவன் அதற்கப்புறம் ரியல் ஏலைத் தொடவே இல்லை. வீட்டில் கூட இருப்பவர்களிடமும், "அது சூடான புளிச்ச தண்ணிடா" என்று சொல்லிவைத்திருக்கிறான். நல்ல பீர் ஒன்றைக்கூடக் குடித்துப் பார்க்காமலேயே நாலைந்து பேர் அதை ஒதுக்கிவிட்டார்கள். நல்ல ஏல் எப்படி இருக்கும் என்று தெரிந்த எனக்கு இது தாங்கவில்லை.

ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் கூச்சம் பாதி போய்விடும். பீப்பாயிலிருந்து ஒவ்வொரு பைன்டாக பீர் வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகிறது. காற்றுப் பட்டால் பீர் பழசாகிறது, சாராயச் சத்தை வினிகராக்கும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்குகிறது. காலையில் இறக்கிய கள் நேரமாக ஆகப் புளித்து வினிகராவதும் இதே பாக்டீரியாவால்தான். நிலவறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், விற்பனை மந்தமானால் கடைசிப் பைன்ட்கள் கெடத்தான் செய்யும். ராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய பீரும் அப்படித்தான். நல்ல பப்பில் காலையில் அதை இழுத்துக் கொட்டிவிடுவார்கள், அலட்சியமான பப்பில் அது முதலில் வருகிறவரின் கிளாஸுக்குப் போகும்.

கெட்டதைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை, மூக்கு போதும். வினிகர் நெடி அடித்தால் கெட்டுவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம் தூக்கலாக வந்தால், நொதித்தல் சரியாக முடியவில்லை அல்லது குழாய் சுத்தமில்லை. கலங்கலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில ஏல்களைத் தெளியவைக்காமலேயே விற்கிறார்கள், அதை பம்பில் மாட்டிய அட்டையிலேயே எழுதியிருப்பார்கள்.

சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் கிளாஸோடு பாருக்குப் போங்கள். குரலை உயர்த்த வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கவும் வேண்டாம். "இது சரியில்லைபோல இருக்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். ஒழுங்கான பப் என்றால் பாரில் நிற்பவரே முகர்ந்து பார்த்து, கீழே கொட்டிவிட்டு, "வேறு எது வேண்டும்?" என்பார். பெரும்பாலும் நன்றியும் சொல்வார். கெட்ட பீப்பாய் தொடர்ந்து ஓடினால் நஷ்டம் அவருக்கும்தானே. முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுப் போய் நின்றால் மாற்றித் தர மாட்டார்கள்; அது நியாயம். குளிரவில்லை, கேஸ் இல்லை, கசக்கிறது என்பதும் குறையாகாது. அந்த பீரே அப்படித்தான்.

வினிகராகிப் போன பைன்டை நீட்டியும், "இது இப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் சாதித்தால் வாதாடாதீர்கள். அடுத்த முறை வேறு பப்புக்குப் போங்கள். 1971-இல் நாலே பேர் சேர்ந்து தொடங்கிய, ரியல் ஏலுக்காகக் குரல் கொடுக்கும் கம்ரா (CAMRA) இயக்கம் இந்த பீரைக் காப்பாற்றியதே, குடிக்கிறவர்கள் வாயைத் திறந்து கேட்டதால்தான். கம்ரா வருடாவருடம் வெளியிடும் குட் பீர் கைட் என்ற வழிகாட்டிப் புத்தகத்தில் இடம்பெற்ற பப்பாகப் பார்த்துப் போனால், இப்படி மாட்டிக்கொள்வது அபூர்வம்.

சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்பே ருசி பார்க்கக் கேளுங்கள். சின்ன கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள், அதற்குக் காசில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் நின்றுகொண்டு ஆறு வகையை மட்டும் கேட்காதீர்கள்.

திருப்பி மாட்டிய அட்டை

பம்பின் அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் அந்த பீர் இப்போது இல்லை.

சுவரில் எழுதிய வருடத்தை நம்பிப் போவது

நாட்டிங்காமில் ட்ரிப் டு ஜெருசலேம் பப்பின் சுவரில் 1189 என்று எழுதியிருக்கும். அதற்கு எழுத்துச் சான்று கிடையாது, இப்போது நிற்கும் கட்டடமும் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஆனாலும் பாறையைக் குடைந்த அறைகளைப் பார்க்கப் போகலாம். லண்டன் சதர்க்கில் ஜார்ஜ் இன் இருக்கிறது. தீ விபத்துக்குப் பின் 1677-இல் திரும்பக் கட்டியது. மரத் தாழ்வாரங்களோடு அது நிற்கும் அழகுக்காகவே போக வேண்டும். ஆனால் பீரின் தரத்தைத் தீர்மானிப்பது நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவரின் கை. 2010-இல் கம்ராவின் தேசிய விருதை வாங்கியது கோவன்ட் கார்டன் பக்கம் இருக்கும் ஹார்ப், ஒடுங்கலான ஒரு சின்ன பப்.

சமையலறை மூடிய பிறகு பசியோடு போவது

1988 வரை மதியத்துக்குப் பிறகு பப்பையே மூட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது, ஆனால் கிராமத்து பப்களில் சமையலறை இன்றும் மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி ஆறு மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமை சமையலே இல்லாத இடங்களும் உண்டு. ஞாயிறு ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய இறைச்சியோடு தரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு) சாப்பிட வேண்டுமென்றால் முன்கூட்டியே போன் செய்து மேசை சொல்லிவையுங்கள். நாலு மணிக்குக் குழந்தைகளோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும்.

போன் செய்யும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி ரோஸ்ட் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் கூடவே வரும் யார்க்ஷயர் புட்டிங்கையும் (இனிப்பு இல்லை, மாவுக் கரைசலைச் சுட்டது) உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில் செய்திருக்கலாம், எல்லாத் தட்டுக்கும் ஒரே கிரேவியை ஊற்றலாம். வடக்கே சூடாகத் தரும் உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் நிறைய. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சைவம் என்றால் பீரைப் பற்றியும் கேட்க வேண்டும்: பல கேஸ்க் ஏல்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். சேர்க்காத ஏல் இன்று பல பப்களில் கிடைக்கிறது. அதோடு ப்ளவ்மேன்ஸ் லன்ச் சொல்லுங்கள். செடார் சீஸ், ரொட்டி, ஊறவைத்த வெங்காயம், இனிப்பும் புளிப்புமான பிக்கிள். ஹாம் வைப்பார்களானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு மாவுத் தட்டை வைத்துத் தருவதை பை (pie) என்று நம்பாதீர்கள். அடியும் பக்கமும் மேலும் மாவு சுற்றியதுதான் பை.

ரவுண்டு

சேர்ந்து போனவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்குவதுதான் ரவுண்டு. உங்கள் முறை வந்தால் யாரும் சொல்லாமலே எழுந்து போய் எல்லாருக்கும் வாங்குங்கள். அடுத்தவர் வாங்கும் ரவுண்டில் விலை அதிகமான பானத்தைக் கேட்காதீர்கள்.

கார்

ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். பஸ்ஸில் போகிறீர்கள் என்றால், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துவையுங்கள். ஞாயிறு சாயங்காலம் பல கிராமங்களுக்கு பஸ்ஸே கிடையாது.