மடக்கு மியூசிக் ஸ்டாண்ட்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

வயலின், புல்லாங்குழல், கிட்டார் போன்ற கருவிகளை நோட்டேஷன் பார்த்து வாசிக்கப் பழகுபவர்களில் பலர், கருவியைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையில் சிறு பங்கைக்கூட இசைத்தாளைத் தாங்கி நிற்கும் மியூசிக் ஸ்டாண்டுக்குக் காட்டுவதில்லை. புத்தகத்தைக் கட்டில் மீதோ நாற்காலி மீதோ சாய்த்து வைத்து வாசிக்கும் மாணவரின் கழுத்து குனிகிறது. கழுத்து குனிந்தால் வயலினின் தலைப்பகுதி தாழ்கிறது. வயலின் தாழ்ந்தால் வில் தனக்குரிய இடத்தில் நிற்காமல் விரல்பலகைப் பக்கம் வழுக்குகிறது. 'நிமிர்ந்து நில்' என்று ஆசிரியர் வாரந்தோறும் சொல்லித் திருத்தும் கோளாறு, பல வீடுகளில் தாள் இருக்கும் உயரத்தினால் வந்ததாகவே இருக்கும். ஆகவே தாளை வாசிப்பவரின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே அசையாமல் நிறுத்துகிறதா என்பதை வைத்தே ஒரு ஸ்டாண்டை மதிப்பிட வேண்டும். விலை, நிறம், பை ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைகளில் அதிகம் கிடைப்பது தாள் வைக்கும் கம்பிச் சட்டத் தட்டும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் தண்டும், மூன்று கால்களும் கொண்ட வகை. மடக்கினால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளத்துக்குச் சுருங்கி ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். எடை பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். இன்னொரு வகையில் காலும் தண்டும் மடங்கும், ஆனால் தட்டு துளையிட்ட தகட்டால் ஆனது; அதைக் கழற்றியோ நடுவில் மடித்தோ எடுத்துச் செல்ல வேண்டும், எடையும் 2 கிலோவைத் தாண்டும். மடங்கவே மடங்காத ஆர்க்கெஸ்ட்ரா ஸ்டாண்டும் உண்டு. அமெரிக்காவின் யாகிமா நகரிலுள்ள மான்ஹாசெட் நிறுவனத்தின் தயாரிப்புகள் அந்த வகைக்குப் பேர்போனவை. வாசிப்பது வீட்டில் ஒரே அறையில்தான் என்றால் மடக்கு ஸ்டாண்டை வாங்காமல் இந்த மூன்றாம் வகையை வாங்குவதே நல்லது. பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் வகுப்புக்குப் போய்வரும் மாணவருக்கும், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு எடுத்துச் செல்லும் பாடகர் குழுவினருக்கும் முதல் இரண்டில் ஒன்றே பொருந்தும்.

அந்த இரண்டில் எது என்பதை, நீங்கள் அதன் மீது வைக்கப்போகும் பொருள்களிலேயே கனமானது எதுவோ அதுதான் தீர்மானிக்கும். ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. உயரமும் உடையது, விரித்த புத்தகமாக வைத்தால் 42 செ.மீ. அகலம் வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா இசைத்தாள்கள் இதைவிடப் பெரியவை, 25 செ.மீ.க்கு 33 செ.மீ. அளவில் அச்சிடப்படுபவை விரிந்தால் அரை மீட்டரைத் தொடும். தேர்வுக்கான மெல்லிய புத்தகத்துக்குக் கம்பித் தட்டு போதும். பாடகர் குழுவில் நூறு பக்கங்களைக் கோத்து வைத்திருக்கும் வளையக் கோப்பு அதே கம்பித் தட்டின் மீது ஏறினால், தட்டு மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டே போகும். பாட்டின் நடுவே ஒரு கையால் அதை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். அத்தகையோர் எடை கூடினாலும் தகட்டுத் தட்டையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

ஸ்டாண்டைப் பெட்டியில் வைத்தபடியே வாங்கி வராதீர்கள். முழு உயரத்துக்கு நீட்டி, விரித்து நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் புத்தகத்தையோ கோப்பையோ கையோடு கொண்டுபோய் அதன் மீது வையுங்கள். தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்தினால் தண்டு உள்ளே இறங்கக் கூடாது; தட்டின் ஓரத்தை விரலால் தட்டினால் ஓரிரு அசைவுகளில் நின்றுவிட வேண்டும். நீண்ட நேரம் ஆடிக்கொண்டே இருந்தால் அதன் குழாய் மெல்லியது அல்லது மூட்டுகள் தளர்ந்தவை என்று பொருள். மூன்று துண்டுகளாக நீளும் தண்டு இரண்டு துண்டுத் தண்டைவிடக் குட்டையாக மடங்கும், ஆனால் ஒவ்வொரு மூட்டும் ஆட்டத்தைக் கூட்டும். உயரமானவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

தண்டின் உயரத்தை இறுக்கிப் பிடிக்கும் திருகாணி இருக்கும் இடத்தை அருகில் வைத்துப் பாருங்கள். மலிவான ஸ்டாண்டுகளில் திருகின் முனை நேராக உள்குழாயின் சுவரில் போய்க் குத்தி நிற்கும். சில மாதங்களில் அந்த இடத்தில் ஒரு சிறு குழி விழும். அதன் பிறகு நீங்கள் எந்த உயரத்தில் வைத்தாலும் திருகு அந்தக் குழியைத் தேடிப் போய் அமரும், அல்லது பிடிமானம் இன்றி வழுக்கும். நல்லவற்றில் திருகுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையமோ பட்டையோ இருந்து குழாயைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். விலையில் வரும் வேறுபாட்டுக்கு இந்த ஒரு வளையமே போதுமான காரணம் என்பேன். கால்களை இணைக்கும் குறுக்குப் பட்டைகள் ஒவ்வொரு காலுக்கும் ஒன்றா இரண்டா என்பதையும், கால் நுனியில் ரப்பர் மூடி இறுக்கமாக உள்ளதா என்பதையும், தட்டின் அடி விளிம்பு குறைந்தது 3 செ.மீ. ஆழம் உடையதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எஃகு கனமானது, அதனால் நிலையாக நிற்கும்; பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, சுமப்பதற்கு எளிது, ஆனால் சிறு காற்றுக்கும் தள்ளாடும். காந்தம் வைத்துத் தாளைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு அலுமினியத் தட்டு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விரிக்கும் முறை

ஸ்டாண்டுகள் உடைவது பெரும்பாலும் வாசிக்கும்போது அல்ல, விரிக்கும்போதும் மடக்கும்போதும்தான். முதலில் கால்கள், அடுத்து தட்டு, கடைசியில் உயரம் என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கால் திருகைத் தளர்த்தி, மூன்று கால்களையும் அகல விரித்து, நடுத்தண்டின் அடிமுனை தரையைத் தொடாமல் ஒரு விரல் அளவு மேலே நிற்கும்படி வைத்து இறுக்குங்கள். நடுத்தண்டு தரையில் ஊன்றினால் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி, கால்கள் மூன்றும் பேருக்கு நிற்கும்; ஸ்டாண்ட் ஆடுவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். கால்களைப் போதிய அளவு விரிக்காமல் விட்டாலோ அடித்தளம் குறுகி, தோள் உரசினாலே கவிழும்.

கம்பித் தட்டை விரிக்கும்போது நடுச் சட்டத்தை நிமிர்த்தி, இரு பக்கச் சட்டங்களையும் ஒன்றாகப் பிடித்து விசிறி விரிப்பது போல் அடிக்கம்பிகள் கிடைமட்டமாகும் வரை இழுங்கள். தாள் பிடிக்கும் சிறு கம்பிகளைக் கடைசியில் வெளியே திருப்புங்கள். மடக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் அந்தச் சிறு கம்பிகளை உள்ளே திருப்பாமல் சட்டத்தை மடக்க முயல்வதால்தான் தட்டு பாதியில் சிக்கிக்கொள்கிறது. சிக்கினால் பலம் காட்ட வேண்டாம். ஆணியடித்து இணைத்த மூட்டு ஒருமுறை வளைந்துவிட்டால் அதை நேராக்குவது கடினம். திரும்ப முழுமையாக விரித்து, எந்தக் கம்பி குறுக்கே நிற்கிறது என்று பார்த்து மடக்குங்கள்.

உயரத்தைக் கூட்டும்போது ஒரு கையால் தட்டுக்குக் கீழே தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருகைத் தளர்த்துங்கள். தட்டைப் பிடித்துத் தூக்கினால் தட்டின் மூட்டு தளரும். முதலில் பருமனான கீழ்த் துண்டை நீட்டுங்கள், மெல்லிய மேல் துண்டைத் தேவைப்பட்டால் மட்டும்.

எங்கே, எப்படி நிறுத்துவது

மூன்று கால் ஸ்டாண்ட் எந்தப் பக்கமும் ஒரே அளவு உறுதியுடையதல்ல. அது கவிழும்போது ஏதேனும் இரண்டு கால் நுனிகளை இணைக்கும் கோட்டின் மீது சாய்ந்தே கவிழும். நடுத்தண்டிலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள தூரம், ஒரு கால் நுனிக்குள்ள தூரத்தில் பாதிதான். எனவே பாரம் சாயும் திசையில் ஒரு கால் நீண்டிருக்கும்படி ஸ்டாண்டைத் திருப்பி வைத்தால், அந்தத் திசையில் உறுதி இரண்டு மடங்காகிறது. தட்டு பின்னால் சாய்ந்து கனமான கோப்பைத் தாங்குகிறதென்றால் ஒரு கால் உங்களுக்கு எதிர்ப்புறம் நீள வேண்டும். திறந்த வெளியில் காற்று அடிக்கிறதென்றால் காற்று போகும் திசையில் ஒரு கால் இருக்க வேண்டும். எந்தச் செலவும் இல்லாத இந்த ஒரு திருப்பம், ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டுவதற்கு முன்பு செய்து பார்க்க வேண்டியது.

உயரத்தைப் பொறுத்தவரை, கருவியை வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொண்ட பிறகே அதைச் சரிசெய்ய வேண்டும். வெறுங்கையோடு நின்று சரிசெய்த உயரம் கருவி தோளில் ஏறியதும் பொருந்தாமல் போகும். தாளின் மேல் ஓரம் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்தால், பக்கத்தின் கடைசி வரியைத் தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் படிக்கலாம். வயலின் வாசிப்பவர்கள் ஸ்டாண்டைச் சற்று இடப்புறம் வைத்து, வயலினின் தலையும் தாளும் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருமாறு நிற்க வேண்டும். மேற்கத்திய ஃப்ளூட் வலப்பக்கமாக நீள்வதால், உடலை வலப்புறம் திருப்பி, தலையை இடது முழங்கையின் மேலாக ஸ்டாண்டை நோக்கித் திருப்புவது வழக்கம்; ஸ்டாண்டுக்கு நேர் எதிரே மார்பை வைத்து நிற்பவரின் வலது தோள் வலிக்கத் தொடங்கும். ட்ரம்பெட் வாசிப்பவர்கள் கருவியின் வாய் தட்டுக்கு நேராக இல்லாமல் அதன் பக்கவாட்டிலோ மேலாகவோ போகும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி தட்டில் முட்டி நிற்கும். பாடகர் குழுவில் தாளின் மேல் ஓரத்துக்குச் சற்று மேலேயே குழுத் தலைவரின் கை தெரிய வேண்டும். முகத்துக்கு முன்னால் உயர்ந்து நிற்கும் தகட்டுத் தட்டு குரலையும் மறைக்கும், தலைவரையும் மறைக்கும்.

இருவர் ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்க்கெஸ்ட்ரா வயலின் வரிசைகளில், பக்கம் திருப்புவது உட்புறம், அதாவது பார்வையாளர்களிடமிருந்து தள்ளி, அமர்ந்திருப்பவரின் வேலை. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தட்டு இருக்கிறதா என்பதை வாசிக்கத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்விசிறியும் காற்றும்

நம் ஊரில் தாளுக்கு வெளிக்காற்றைவிடப் பெரிய தொல்லை தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. விசிறிக்கு நேர் கீழே ஸ்டாண்டை நிறுத்தாமல் இரண்டு அடி விலக்கினாலேயே பாதித் தொல்லை தீரும். தாள் பிடிக்கும் கம்பிகள் புத்தகத்தை விரித்து வைக்க உதவும், ஆனால் பக்கம் திருப்பும்போது தடுக்கும்; திருப்ப வேண்டிய பக்கங்களுக்குத் துணி உலர்த்தும் கிளிப்பை மேல் மூலையில் போடுவது எளிது. உதிரித் தாள்களை வாசிப்பவர்கள் 45 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட கெட்டி அட்டை ஒன்றைக் கம்பித் தட்டின் மீது வைத்து, அதில் தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளலாம். கம்பிகளுக்கு இடையில் தாள் பின்னால் வளைந்து விழுவதும் நின்றுவிடும். திறந்த வெளியில் மட்டும் அட்டையைத் தவிருங்கள், அது காற்றை முழுவதுமாக வாங்கி ஸ்டாண்டைத் தள்ளிவிடும்.

வாசிக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் எங்கோ 'ஜ்ர்ர்' என்று அதிரும் சத்தம் கேட்டால், கருவியைச் சந்தேகிக்கும் முன்பு ஸ்டாண்டைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஸ்வரத்தைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரல் வைத்தால், சத்தம் நிற்கும் இடத்தில் ஒரு தளர்ந்த கம்பியோ இறுக்காத திருகோ இருக்கும். ஒலிப்பதிவின்போது தகட்டுத் தட்டின் மீது கனமான துணியை விரிப்பதும் இதை ஒட்டியதே; தட்டில் பட்டுத் திரும்பும் ஒலியும் தாள் உரசும் ஓசையும் மைக்கில் குறையும்.

டேப்லட் வைத்து வாசிப்பவர்கள் கம்பித் தட்டை நம்ப வேண்டாம். பெரிய டேப்லட் உறையோடு சேர்த்து ஒரு கிலோவை நெருங்கும்; அதன் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும்; அடி விளிம்பு ஆழமற்றதாக இருந்தால் முன்னால் சரிந்து விழும். தண்டில் பொருத்தி நான்கு மூலையையும் பிடிக்கும் தனி ஹோல்டர் இதற்குக் கிடைக்கிறது. பக்கம் திருப்பும் பெடலை ஸ்டாண்டின் காலிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், மிதிக்கும் பாதம் காலைத் தட்டக் கூடாது.

சம்மணமிட்டு அமர்ந்து கர்நாடக இசை பயில்பவர்களுக்கு இந்த ஸ்டாண்டுகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. தரையில் அமர்ந்த பெரியவரின் கண் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருக்கும், பல மடக்கு ஸ்டாண்டுகளின் அடி விளிம்போ எவ்வளவு தாழ்த்தினாலும் அரை மீட்டருக்குக் கீழே இறங்காது, அதன் மேல் 30 செ.மீ. தாள் நின்றால் கண்ணுக்கு மேலே போய்விடும். பாராயணத்துக்குப் பயன்படும் மரத்தாலான வியாசபீடமோ சாய்வான எழுது பலகையோ அவர்களுக்கு ஏற்றது. ஸ்டாண்டையே வாங்க விரும்பினால் குறைந்தபட்ச உயரத்தைக் கடையில் அளவு நாடாவால் அளந்து வாங்குங்கள்.

பராமரிப்பு

கடலோர ஊர்களில் எஃகு ஸ்டாண்டை ஈரத்துணியால் துடைத்தபின் உலர்ந்த துணியாலும் ஒருமுறை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பைக்குள் போட வேண்டும். தட்டின் ஆணி மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களுக்கு எண்ணெய் இடவே கூடாது. உராய்வினால்தான் தண்டு உயரத்தில் நிற்கிறது, எண்ணெய் பட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். தவறிப்போய்ப் பட்டுவிட்டால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மடக்கி வைக்கும்போது திருகுகளைச் சற்றே பிடிக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், முழு இறுக்கத்தில் மாதக்கணக்கில் வைத்தால் பிளாஸ்டிக் வளையம் வெடிக்கும். கால் நுனி ரப்பர் தேய்ந்து உலோகம் வெளியே தெரியத் தொடங்கியதும், அதே அளவுள்ள நாற்காலிக்கால் ரப்பரை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டலாம். குழாயின் வெளி விட்டத்தை அளந்து கொண்டுபோனால் கடைக்காரர் பொருத்தமானதை எடுத்துக் கொடுப்பார்.