நடந்த தாக்குதலை ஆவணப்படத்தில் மறுபடி கட்டுவது எப்படி

1966 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் 28ஆம் மாடிப் பார்வை மேடையிலிருந்து ஒருவன் காலை 11:48 மணிவாக்கில் கீழே நடமாடியவர்களைச் சுடத் தொடங்கினான். 96 நிமிடம் நீடித்தது. இயக்குநர் கீத் மெய்ட்லண்ட் அதை நடிகர்களை வைத்து எடுத்து, அந்தக் காட்சிகளின் மேலேயே அனிமேஷனாக வரைந்து, ‘டவர்’ என்ற ஆவணப்படமாக 2016இல் கொண்டுவந்தார். இப்படி ஒரு படம் எடுக்க இறங்குபவர்களுக்கு அதே நிகழ்வை மாதிரியாக வைத்து வேலைமுறையைச் சொல்கிறோம். திரையில் வரும் ஒவ்வொரு அசைவுக்கும் ‘இதைப் பார்த்தவர் யார்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத ஷாட்டை வரையவே வேண்டாம்.

முதல் வேலை நேர அட்டவணை. நேரம், இடம், செயல், ஆதாரம் என்று நான்கு பத்தி போடுங்கள். ஐந்தாவதாக ‘நேரில் கண்டதா, பிறகு கேள்விப்பட்டதா’ என்று ஒரு பத்தி. பலர் விடுவது இதைத்தான். பிற்பாடு அதிகம் உதவுவதும் இதுதான்.

பழைய பதிவுகளின் ஓட்ட வேகத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த 16 மி.மீ. படச்சுருளை வினாடிக்கு 25 ஃப்ரேமில் மாற்றியிருந்தால், 96 நிமிடம் ஏறத்தாழ 92 நிமிடம் 10 வினாடியாகச் சுருங்கிவிடும். ஒலிநாடாவுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகல் பல பதிவுகளில் மெலிதாக ஏறியிருக்கும். கணினியில் ஒலியின் அதிர்வெண் படத்தைப் பார்த்தால் அது ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு 61.5இல் தெரிந்தால் நாடா 2.5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அந்த அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் இப்போது நாடாவை ஓட்டும் கருவியும் தன் முனகலைச் சேர்க்கும் என்பதால், நாடாவை ஓட்டாமல் ஒரு நிமிடம் பதிந்து, அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று முன்பே பார்த்துவையுங்கள்.

பேட்டியின் முதல் சுற்றுக்குக் கேமரா வேண்டாம், ஒலிப்பதிவு போதும். ‘பயந்தீர்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதோடு நின்றுவிடும். எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, முதலில் என்ன கேட்டது என்று கேளுங்கள். பழைய புகைப்படங்களைப் பேச்சு முடிந்த பிறகே காட்டுங்கள். முன்பே காட்டினால் படத்தில் பார்த்ததும் நேரில் பார்த்ததும் கலந்துவிடும். எந்த இடத்திலும் நிறுத்தலாம், கொடுத்த பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கோபுர மேடையில் ஏறி அந்தத் துப்பாக்கிக்காரனைச் சுட்ட காவலர்கள் ரமிரோ மார்ட்டினெஸ், ஹூஸ்டன் மெக்காய் இருவர். வீழ்த்தியது யாருடைய குண்டு என்ற வாதம் பல ஆண்டு நடந்தது. அதற்குப் படத்தொகுப்பில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படப்பிடிப்பில் வெயில்தான் பெரிய பிரச்சினை. ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் சூரியன் உச்சிக்கு வருவது அமெரிக்காவின் மத்திய மண்டல நிலை நேரப்படி சுமார் 12:37. இன்றைய கோடைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் இப்போது அது 1:37. நாடு முழுதும் ஒரே சீரான நேரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1967இல்தான். அதனால் அன்றைய கடிகாரக் கணக்கை ஒரு புகைப்பட நிழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சியில் சூரியன் ஏறக்குறைய 78 டிகிரி உயரம். 1.7 மீட்டர் ஆளின் நிழல் ஒரு முழத்துக்கும் குறைவு, விழுவது வடக்கே. மாலை வெயிலில் எடுத்த ஷாட்டில் நீண்ட நிழல் விழும். அனிமேட்டர் அதையும் சேர்த்து வரைந்துவிடுவார்.

குண்டடிபட்ட ஒரு கர்ப்பிணி மாணவி கொதிக்கும் சிமெண்டுத் தரையில் கிடந்தார். இன்னொரு பெண் ஓடிவந்து பக்கத்திலேயே படுத்து, அவர் நினைவு தப்பாமலிருக்கப் பேசிக்கொண்டே இருந்தார். இந்தக் காட்சிக்குக் கேமரா உயரம் தரையிலிருந்து 10, 15 செ.மீ. தான். படுத்திருப்பவருக்குத் தெரிவது வானமும் அந்த முகமும். சூரியன் கண்ணுக்கு நேர் மேலே இருப்பதால் கூசும். ரிஃப்ளெக்டர் வைத்து முகத்தை அழகாக்காதீர்கள். கோபுர மேடையிலிருந்து கீழே பார்க்கும் ஷாட் எதற்கும் வேண்டாம். சுட்டவன் பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி யாரும் இல்லை; எடுத்தால் அவன் கண் பார்வையாளருக்கு வந்துவிடும்.

வரைவதற்கு எடுக்கும் ஷாட்டில் ஷட்டரை 1/48 வினாடி வைத்தால் ஓடும் கால் கலங்கித் தெரியும், விளிம்பு பிடிபடாது. 1/120க்குப் போங்கள். சின்னக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம். ஒவ்வொரு வரைபடத்திலும் கட்டம் இடம்மாறித் துடிக்கும். ஒரு வரைபடத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12, நிமிடத்துக்கு 720. காட்சியில் வரும் இரண்டு பேரைத் தனித்தனி அடுக்காக வரைந்தால் 1,440. எனவே எடிட்டிங் முழுதாக முடியும்வரை யாரும் பேனாவைத் தொட வேண்டாம்; பிறகு ஒரு ஷாட்டில் 3 வினாடி வெட்டினாலும் 36 வரைபடம் குப்பைக்குப் போகும். பின்னணியை ஒருமுறை வரைந்து நிறுத்துங்கள். முகத்தில் கண்முனைகள், மூக்குத் துளை, உதட்டோரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வரையாவிட்டால் ஆள் நொடிக்கு நொடி மாறிப்போவார்.

ஒலியில் பெரும்பாலும் நடக்கும் தவறு, வெடிச் சத்தத்தைப் புகை தெரியும் ஃப்ரேமிலேயே வைப்பது. அந்த வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 353 மீட்டர் போகும். 350 மீட்டர் தள்ளி நின்றவருக்குப் புகை தெரிந்து 24 ஃப்ரேம் கழித்துத்தான் சத்தம் வரும்.

இறந்தோர் எண்ணிக்கையைத் திரையில் வரும் எழுத்து அட்டையில் போடுமுன் என்னென்ன சேர்த்தீர்கள் என்று தெளிவாக்குங்கள். முந்தைய இரவு அவன் கொன்ற தாயும் மனைவியும், அந்தக் கர்ப்பிணியின் கருவிலிருந்த குழந்தை, அன்றைய காயத்தின் விளைவாக 2001இல் இறந்தவர் என்று சேர்ப்பதையும் விடுவதையும் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

வெளியிடுமுன் உயிர் பிழைத்தவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்தாருக்கும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். எந்தெந்த நிமிடத்தில் வெடிச் சத்தம் வருகிறது என்று அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்கி, ஒலியளவைத் திரையரங்க அளவுக்குக் கீழே வையுங்கள்.