ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்கும் பட்டன்: நாமே சரிசெய்யலாம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் இன்னிசைக் குழுவின் ஒத்திகை. ரிதம் மெஷினில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். தாளம் தொடங்கிய நொடியிலேயே நின்றது. மறுபடியும் அதே கதை. தொடங்கவும் நிறுத்தவும் அதே பட்டன்தான். நான் அழுத்தியது ஒன்று, மெஷின் எண்ணியது இரண்டு. போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் மாற்றியது ஒரு குட்டி சுவிட்சை மட்டும்.

முதலில், ஒரு பட்டனா, எல்லாமா என்று பாருங்கள். கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும்போது கீபோர்டில் எல்லாச் சுரமும் இரட்டையாகக் கேட்டால், பெரும்பாலும் குறை பட்டனில் இல்லை. கீபோர்டு தானும் ஒலித்து, கம்ப்யூட்டர் மிடி (இசைக்கருவிகள் சுரத் தகவலைப் பரிமாறும் முறை) வழியாகத் திருப்பி அனுப்புவதையும் ஒலிக்கிறது. செட்டிங்கில் லோக்கல் கன்ட்ரோலை, அதாவது கீபோர்டு தானாக ஒலிப்பதை, ஆஃப் செய்து பாருங்கள். ஓரிரு பட்டன் மட்டும் என்றால் சுவிட்சைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பல மெஷின்களில் பட்டனுக்கு அடியில், போர்டில் டேக்ட் சுவிட்ச் என்ற குட்டி அழுத்து சுவிட்ச் இருக்கும். அதற்குள் குமிழ் போல வளைந்த மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தும்போது அது தொட்டு, விலகி, துள்ளித்தான் நிலைக்கும். புது சுவிட்சிலும் இது உண்டு. சில மில்லி செகண்டில் அடங்கிவிடும். மெஷினின் மென்பொருள் அதுவரை பொறுத்திருந்து ஒன்று என்று எண்ணும். தகடு தேய்ந்தோ கறுத்தோ போனால் துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டி நீளும். என் பழைய சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன்: பளபளப்பான தகட்டின் நடுவில் கடுகளவு கறுப்பு. அவ்வளவுதான்.

சரி, திறக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

பட்டனுக்கு அடியில் ரப்பர் இருந்தால், அதன் கறுப்புக் கார்பன் புள்ளியைத் தேய்க்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். டேக்ட் சுவிட்ச் என்றால் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு சொட்டு, பட்டனின் விளிம்பில் விட்டு, நாற்பது தடவை அழுத்துங்கள். நன்றாகக் காயட்டும். துரு எடுக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அந்த எண்ணெய்ப்படலம் தூசியைச் சேர்க்கும்.

சில வாரத்தில் தொல்லை திரும்பினால் மாற்றிவிடுங்கள். பழையதையே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. 6 மி.மீ. சதுரம், நாலு கால் என்று எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் தண்டின் உயரம் மாறும், அரை மி.மீ. கூடினால்கூட மூடி பட்டனை அழுத்தியபடியே இருக்கும்.

கழற்றும்போது நாலு காலிலும் கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்குங்கள், பழையதும் சேர்ந்து இளகும். பிறகு உருகிய ஈயத்தை சக்கர் என்ற உறிஞ்சு பம்பால் உறிஞ்சுங்கள். கால் தானாக ஆடும்வரை இழுக்காதீர்கள். போர்டின் செம்புத் தடம் பிய்ந்து வந்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

புதியதை வைக்கும் முன் மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தம் தரும் நிலையில்) வைத்து எதிர்மூலைக் கால்கள் இரண்டைத் தொடுங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் வரக்கூடாது, அழுத்தினால் வரவேண்டும். பற்றவைத்த பிறகு, மூடி போடும் முன் இன்னொரு முறை இதையே பாருங்கள்.