மழைத்தண்ணீரைத் தெளியவைத்து வாய்க்காலுக்கு அனுப்புவது எப்படி

ஆவணி முடியும்போது எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "மேஸ்திரி, வாசல்ல தண்ணி நிக்குது, வாய்க்காலுக்கு ஒரு பைப் போட்டுக் குடுங்க." பைப் போடுவது அரை நாள் வேலை. அந்தப் பைப் எதைக் கொண்டுபோய் எங்கே விடப்போகிறது என்று முதலில் பேசுவோம் என்பேன்.

புதுச்சேரியில் பாதாளச் சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வாய்க்காலுக்கு அப்படி ஒரு நிலையம் கிடையாது. தெருவோர யூ வடிவ வாய்க்கால், அங்கிருந்து பெரிய வாய்க்காலோ உப்பாறு வாய்க்காலோ, அதற்குப் பிறகு கடல்தான். வண்டி சொட்டிய ஆயில், டயர் தேய்ந்த தூள், நாய் மலம், டீ கப், கலவை கழுவின சிமெண்ட் பால் என்று வெயில் காலம் முழுக்கச் சாலையில் சேர்ந்தவை, முதல் பெரிய மழையில் முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் கிளம்பிவிடும். அதனால் முதல் தண்ணீர்தான் ரொம்ப மோசம். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் முக்கியமான வேலை.

பைப்புக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள். மழையே இல்லாத சித்திரை, வைகாசியில் தெரு வாய்க்கால் ஸ்லாப் இடுக்கு வழியாக எட்டிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் ஓடினால் அது மழைத்தண்ணீர் இல்லை, யாரோ கழிவுநீர்க் குழாயைச் சொருகியிருக்கிறார்கள். போட்டோ எடுத்து, புதுச்சேரி நகராட்சியோ உழவர்கரை நகராட்சியோ, உங்கள் பகுதி எதில் வருகிறதோ அங்கே தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் பலன் பாதிகூட இருக்காது. தயவுசெய்து சாக்கடைக்குள் ஆளை இறக்கி அடைப்பெடுக்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயு கணக்குப் பார்க்காது.

இப்போது தொட்டி. வாசல் தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்துக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி செங்கல் தொட்டி ஒன்று கட்டுங்கள். வெளியே போகும் பைப்பின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு அடியாவது ஆழம் வேண்டும். வேகமாக வரும் தண்ணீர் அங்கே நிதானிக்கும், மணலும் சேறும் அடியில் தங்கும். கனமான அழுக்கு நிறைய அந்தச் சேற்றோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே வரும் வாயில் கம்பிச் சல்லடை வையுங்கள், பிளாஸ்டிக்கும் இலையும் அங்கேயே நிற்கும்.

பெரும்பாலும் யாரும் செய்யாத ஒன்று உண்டு. வெளியே போகும் பைப்பின் உள்முனையில் ஒரு எல்போவை (வளைந்த பைப் துண்டு) மாட்டி, அதன் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். ஆயில் மேலே மிதக்கும், தண்ணீர் மட்டும் கீழிருந்து எல்போ வழியாக ஏறி வெளியேறும். மெக்கானிக் கடை, பார்க்கிங் இருக்கும் இடத்தில் இது கட்டாயம். செலவு சில நூறு ரூபாய்தான். மிதக்கும் ஆயிலை அள்ளிப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் சேருங்கள்.

மாடித் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, மண்ணுக்குள் இறங்கும்படி ஒரு குழியில் விடுங்கள், அது தெருத் தண்ணீரைவிட எவ்வளவோ சுத்தம். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலின்போது இங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே மாடிக்கு அது 40,000 லிட்டருக்கு மேல். அந்த மாதிரி நாளை எந்தக் குழியும் தாங்காது. ஆனால் வருஷத்தில் அநேக மழை சின்ன மழைதான், அதை மண் குடித்துவிட்டால் வாய்க்காலுக்கு அவ்வளவு பாரம் குறையும்.

உறை இறக்கிக் குழி எடுப்பதானால் அடியில் பெரிய கல், அதன் மேல் 40 எம்.எம். ஜல்லி, பிறகு 20 எம்.எம்., கடைசியாக மேலே பருமணல். தலைகீழாகப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். மணல் மேலே இருந்தால்தான் படியும் வண்டலைச் சுரண்டி எடுக்க முடியும். செப்டிக் டேங்கிலிருந்து 30 அடியாவது தள்ளி எடுங்கள். கடலோரப் பகுதிகளில் மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். நாலைந்து அடியிலேயே ஊற்று வந்தால் குழி வேண்டாம், வாசலில் அரையடி பள்ளமாகப் புல், கல்வாழை வளர்த்து தண்ணீரை அதில் பாய்ச்சுங்கள். தெருத் தண்ணீரை நேராக போர்வெல்லில் விடுவதை மட்டும் நான் எவ்வளவு கூலி தந்தாலும் செய்யமாட்டேன். குடிக்கிற தண்ணீரில் ஆயிலை ஊற்றுவதற்குச் சமம் அது.

ஊர் அளவில் இந்த வேலையைச் செய்வது ஏரிகள்தான். வேல்ராம்பட்டு ஏரி, கனகன் ஏரி, ஊசுட்டேரி எல்லாமே வரும் தண்ணீரைத் தேக்கித் தெளியவைக்கும் பெரிய தொட்டிகள். சென்னையில் பூங்காக்களுக்குள் ஸ்பாஞ்ச் பார்க் என்று குளம் வெட்டுகிறார்கள், கணக்கு அதேதான். வரத்து வாய்க்காலை மூடிக் கட்டிய இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. அதனால் மனை வாங்குமுன் அந்த இடத்தின் பழைய வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வாய்க்காலில் தூர் வாரியதைக் கரையிலேயே குவித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே போய்விடும். வாரிய அன்றே வண்டி ஏற்றச் சொல்லி நின்று பாருங்கள். உங்கள் தொட்டியைப் புரட்டாசியில் ஒரு முறை, முதல் பெரிய மழை விட்டதும் ஒரு முறை, பிறகு பாதி ஆழம் சேறு ஏறும்போதெல்லாம் அள்ளுங்கள். அந்தச் சேற்றைக் காய்கறிச் செடிக்குப் போடாதீர்கள். நிற்கும் தண்ணீரில் கொசு வரும், ஆகவே மூடிக்கு அடியில் கொசுவலையை இறுக்கிக் கட்டி, மூடியை மட்டமாக உட்காரவையுங்கள்.