வீதி உப்பு நிலத்தடி நீருக்குள் எப்படிப் போகிறது? ஒரு போத்தலில் செய்து பார்ப்போம்

கொழும்பில் பனி கொட்டுவதில்லை, வீதிக்கு உப்புப் போடும் தேவையும் இல்லை. ஆனால் நம்மில் பலருக்குக் கனடாவின் ஸ்காபரோவில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் நெடுஞ்சாலைகள் உறைந்து வழுக்காமல் இருக்க லொறி லொறியாக உப்புத் தூவுகிறார்கள். பனி உருகியதும் அந்த உப்பு எங்கே போகிறது என்பதை நம் குசினியிலேயே பார்க்கலாம்.

ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல், ஆற்று மணல், உப்பு, மஞ்சள்தூள், சில கிளாஸ்கள், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீற்றர் ஒன்று. இவை போதும். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் வேண்டாம், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும்.

படி 1. போத்தலின் அடியை வெட்டி, மூடியில் சின்னத் துளை போட்டு, உள்ளே துணித்துண்டு வைத்துத் தலைகீழாக நிறுத்துங்கள். முக்கால்வாசிக்கு மணல் போடுங்கள். பைப் தண்ணீரை ஊற்றி வடிவதை அளந்துகொண்டே இருங்கள். மேலே ஊற்றுவதும் கீழே வடிவதும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் மணல் சுத்தம்.

படி 2. ஒரு லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் கலந்து, அதில் பாதியை மெதுவாக ஊற்றுங்கள். மஞ்சள் பெரும்பாலும் மேல் மணலிலேயே தங்கிவிடும். ஆனால் வடிகிற தண்ணீரில் மீற்றரை வையுங்கள். முதலில் மணலுக்குள் இருந்த பழைய தண்ணீர் வரும், அப்புறம் எண் ஏறிக்கொண்டே போகும். நிலம் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நம்புகிறோம். ஆனால் உப்பிலுள்ள குளோரைட் மண்ணில் ஒட்டுவதில்லை, கிருமிகளும் அதைச் சிதைப்பதில்லை. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

படி 3. இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாதீர்கள். இப்போது உப்பில்லாத தண்ணீரைக் கிளாஸ் கிளாஸாக ஊற்றி, வடிவதைத் தனித்தனியாகப் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியது நல்ல தண்ணீர், ஆனால் முதலில் வருவது உப்புத் தண்ணீர்! எண் மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஸ்காபரோவின் ஹைலண்ட் கிரீக் ஓடையிலும் இதுதான் நடக்கிறது. குளிர்காலத்தில் நிலத்துக்குள் இறங்கிய உப்பு, ஊற்று நீரோடு கோடையிலும் ஓடைக்கு வந்துகொண்டிருக்கும். மீன் முட்டையிடும் காலத்திலும், தவளைக் குஞ்சுகள் வளரும் காலத்திலும் அது அங்கே இருக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால அளவாகக் கனடா வைத்திருக்கும் எல்லை, லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட். 5 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, 25 லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

மீற்றர் குளோரைட்டை மட்டும் காட்டாது, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். சரியான குளோரைட் அளவு வேண்டுமானால் ஆய்வுகூடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடலோரத்தில் கிணறு இருந்தால் அதையும் அதே மீற்றரால் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும். வறண்ட மாதங்களில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.