கிரெனடா கார்னிவல்: புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கரீபியன் தீவுநாடான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் மேட்டுத்தெரு ஒன்றில் ஒரு கல்சுவர் இருக்கிறது. வேடம் கட்டி ஆடும் தெருத்திருவிழாவான கார்னிவலின் ஒவ்வொரு விடியற்காலையிலும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கேமராவுமாக யாராவது அதில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். முதல் வருடம் நான் நின்றதும் அங்கேதான். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மாதத்தைத் தவறவிடுவது

கரீபியன் கார்னிவல் என்றதும் பிப்ரவரிக்கோ மார்ச்சுக்கோ டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். டிரினிடாட்டுக்கு அது சரி. கிரெனடாவிலும் முன்பெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு முன்னால்தான் நடந்தது, 1981இல் ஆகஸ்டுக்கு மாற்றினார்கள். இப்போது ஸ்பைஸ்மாஸ் என்ற பெயரில் நடக்கும் இந்தக் கார்னிவல் உச்சம் தொடுவது ஆகஸ்டின் இரண்டாவது திங்களும் செவ்வாயும்.

ஆனால் அதே நாட்டைச் சேர்ந்த சின்னத்தீவான கேரியக்கூ பழைய வழக்கத்தை விடவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அங்கே ஷேக்ஸ்பியர் மாஸ் நடக்கும். மாஸ் என்றால் வேடம் கட்டி ஆடுவது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஜூலியஸ் சீசர் நாடக வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். தடுமாறினால் சாட்டையடி விழும். அதைப் பார்க்க ஆகஸ்டில் படகேறிப் பயனில்லை.

ராணுவ டிசைன் உடை

கொண்டு போகாதீர்கள். அந்நாட்டில் அது சட்டப்படி குற்றம்.

அழுக்குப் படாமல் நின்று வேடிக்கை பார்ப்பது

இதைச் சொல்லத்தான் இவ்வளவும். திங்கள் விடிவதற்கு முன் தொடங்குவது ஜூவே. பிரெஞ்சுக் கிரியோலில் பொழுது புலர்வது என்று பொருள். அன்று தெருவுக்கு வருகிறவர்கள் ஜாப் ஜாப். ஜாப் என்றால் பிசாசு. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், தலையில் கொம்பு வைத்த ஹெல்மெட், கையில் இரும்புச் சங்கிலி.

கரும்புத்தோட்ட முதலாளிகள் அடிமைகளைப் பிசாசு என்றும் கறுப்பு என்றும் இழிவாகப் பேசினார்கள். 1834இல் அடிமைமுறை ஒழிந்தது, 1838இல்தான் முழு விடுதலை கிடைத்தது. எந்தச் சொல்லால் தங்களை முதலாளிகள் இழிவுபடுத்தினார்களோ, விடுதலையானவர்கள் அதையே மேலெல்லாம் பூசிக்கொண்டு, தங்களைப் பூட்டியிருந்த சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள் என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். இது தெரியாமல் "பேய் வழிபாடு" என்று எழுதிப் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் கதைக்கு வருகிறேன். இருட்டில் முதலில் சத்தம்தான் வந்தது. சங்கு ஊதுகிறார்கள், தார்ச்சாலையில் சங்கிலி உரசுகிறது. அப்புறம் மேட்டிலிருந்து கூட்டம் இறங்கியது. ஒரு பெரியவர் எனக்கு நேரே வந்து நின்றார். என்னைத் தொடவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினார். எண்ணெய் அவர் மணிக்கட்டில் வழிந்து, ஒரு சொட்டு என் ஷூவில் விழுந்தது. நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போய்விட்டார். விடிந்து வெயில் ஏறும்வரை வேறு யாரும் என் பக்கமே வரவில்லை. சட்டை வெள்ளையாகவே இருந்தது.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் அன்று மதியம் இதைச் சொன்னேன். அவர் சீமைப்பலாவும் சேப்பங்கிழங்கு இலையும் தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருந்த ஆயில் டவுன் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தப் பெரியவர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார், நீ வரமாட்டேன் என்றிருக்கிறாய் என்றார். ஒரு வருடச் சேமிப்பையும் சேர்த்துவைத்த லீவையும் செலவழித்துப் போய், கூப்பிட்ட கைக்கு முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அன்று எடுத்த படங்களில் நன்றாக வந்தவையும் உண்டு. ஒன்றைக்கூட யாருக்கும் காட்ட மனம் வரவில்லை.

அங்கே மாஸ் பார்ப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள், மாஸ் ஆடுவது என்பதுதான் பேச்சு. அதனால் தூக்கிப்போடத் தயாரான உடையில் போங்கள். கேமராவை அறையில் வைத்துவிடுங்கள். தனியாகச் சுவரோரம் நிற்காமல் ஏதாவது ஒரு குழுவின் பின்னால் நடங்கள். கை நீண்டால் கன்னத்தைக் காட்டுங்கள்.

எண்ணெய் பூசத் தெரியாமல் பூசுவது

கிளம்பும் முன் உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். புருவம், நெற்றியோரம், நகக்கண், காதுமடல் எல்லாவற்றிலும் வாசலின் வையுங்கள். பழைய இன்ஜின் ஆயில் பூசுகிறவர்கள் இன்னும் உண்டு. தோலுக்கு அது கெடுதல். கன்னத்தைக் காட்டுங்கள் என்று சொன்ன நானே இதையும் சொல்கிறேன்: மெக்கானிக் கடை வாடை அடித்தால் கும்பிட்டுவிட்டு, கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறவர்களிடம் போங்கள்.

திரும்பியதும் நேராகத் தண்ணீரில் இறங்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் துணியால் வழித்தெடுங்கள், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு.

வாடகைக் காரில் போவது

வேண்டாம். சீட்டில் பட்ட கறைக்கு நீங்கள்தான் பணம் கட்டவேண்டும். நடந்தே போங்கள்.

திங்கள் காலையோடு முடிந்தது என்று நினைப்பது

இரவில் விளக்குக் குச்சிகளோடு வேறொரு ஊர்வலம் வரும். இறகும் மணியுமாக ஆடுகிற ஃபேன்சி மாஸ் செவ்வாய்க்கிழமை. அதில் ஆட உடை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே குழுவிடம் பணம் கட்டிப் பதிவு செய்யவேண்டும். அதனால் திங்கள் மதியம் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள்.

திரும்பும் விமானம்

புதன்கிழமைக்கு முன் வேண்டாம். வியாழன் என்றால் இன்னும் நல்லது, அதற்குள் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு பாதியாவது போயிருக்கும்.