புத்தாண்டு உடன்படிக்கை: எங்கே சறுக்குகிறோம்?

டிசம்பர் 31 ராத்திரி ஆலயம் நிரம்பி வழியும். வருஷத்துக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கி பைபிளுக்குள் செருகிக்கொள்வோம். சில சபைகளில் புத்தாண்டையொட்டி உடன்படிக்கை ஆராதனையும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தை வழிநடத்திய ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் தம் மக்களுக்காகத் தொடங்கிவைத்த வழக்கம் அது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று சபையாகச் சேர்ந்து ஜெபிப்பார்கள். கனமான வார்த்தைகள். பொங்கல் லீவு முடிவதற்குள் அவை மறந்துபோவதற்குச் சில காரணங்கள் உண்டு.

பெரிய தவறு, பேரம் பேசுவது. மகளுக்கு வரன் அமைந்தால் இவ்வளவு காணிக்கை, மகனுக்கு விசா கிடைத்தால் சபைக்கு ஒரு நாள் சாப்பாடு. பொருத்தனையே, அதாவது நேர்த்திக்கடனே, கூடாது என்று சொல்லவில்லை, யாக்கோபும் பெத்தேலில் செய்தவன்தான். ஆனால் உடன்படிக்கை அப்படித் தொடங்குவதில்லை. ஆதியாகமம் 15-ல் மிருகங்களைத் துண்டித்து இரண்டு பக்கமும் வைக்கிறான் ஆபிராம். வாக்கை மீறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கு வரட்டும் என்று சொல்லி நடுவே நடப்பது அந்தக் காலத்து வழக்கம். நடந்தது யார்? ஆபிராம் அயர்ந்து தூங்குகிறான், கடவுளுக்கு அடையாளமாகப் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும்தான் கடந்துபோகின்றன. கடவுள் வாக்கினால் தம்மைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நம் பங்கு வருகிறது. இது புரியாமல் செய்கிற அர்ப்பணிப்பு கடைசியில் வட்டிக்கணக்காகிவிடும்.

ஆபத்து விலகியதும் பின்வாங்குவது அடுத்தது. எரேமியா 34-ஐ வாசித்துப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருந்தபோது, சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை பண்ணினார்கள், விடுதலையும் செய்தார்கள். படை சற்று விலகியது. உடனே அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துவந்தார்கள். ஐசியூ வாசலில் செய்த ஜெபத்தை டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் மறந்துவிடுகிற நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், மொட்டையாகத் தீர்மானிப்பது. "இந்த வருஷம் ஆண்டவருக்கு இன்னும் நெருக்கமா இருக்கணும்." சரி, எதில்? நெகேமியா 10-ல் ஜனங்கள் முத்திரை போட்ட பத்திரத்தில் இந்த மாதிரி வாக்கியமே இல்லை. ஓய்வுநாளில் யாராவது தானியம் விற்க வந்தால் வாங்க மாட்டோம். ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிடுவோம். ஆலய வேலைக்கு வருஷத்துக்கு சேக்கல் என்ற வெள்ளி அளவில் மூன்றில் ஒரு பங்கு. பலிபீடத்துக்கு எந்தக் குடும்பம் எப்போது விறகு கொண்டுவருவது என்றுகூடச் சீட்டுப் போட்டார்கள். நம் வீட்டிலானால், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுப்பது, கைமாற்றாக வாங்கியதைத் திருப்பித் தருவது, கடைத் தராசைச் சரிபார்ப்பது என்று எழுதலாம். ஜெபநேரமும் அதில் இருக்கட்டும், அது மட்டும் போதாது.

பக்தியைச் சாக்காக வைத்துக் கடமையைத் தட்டிக்கழிப்பதும் உண்டு. ஆலயக் கட்டட நிதிக்கு முதல் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு, அம்மாவின் மாத்திரைச் செலவைத் தம்பி தலையில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொர்பான், அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது (மாற்கு 7) இதைத்தான். மல்கியா தீர்க்கதரிசி மனைவியையும் சேர்த்துக்கொள்கிறார்: "உன் உடன்படிக்கையின் மனைவி." அவளுக்குத் துரோகம் பண்ணிவிட்டு பலிபீடத்தைக் கண்ணீரால் நனைத்தாலும் காணிக்கை ஏற்கப்படாது என்கிறார்.

கடைசியாக, ஒருமுறை முறிந்ததும் மொத்தத்தையும் விட்டுவிடுவது. எருசலேமின் அதிபதியாக இருந்த நெகேமியா கொஞ்ச காலம் வெளியே போய்த் திரும்பினால், முத்திரை போட்டதெல்லாம் காற்றில் போயிருந்தது. பங்கு கிடைக்காத ஆலய ஊழியரான லேவியர் வயலுக்குப் போய்விட்டார்கள், ஓய்வுநாளில் தீருவின் வியாபாரிகள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஆலயத்துப் பண்டகசாலை அறையில் நெகேமியாவின் எதிரி தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்கள். நெகேமியா புது உடன்படிக்கை எழுதச் சொல்லவில்லை. சாமான்களை வெளியே எறிந்தார், அறையைச் சுத்திகரித்தார், லேவியரைக் கூட்டிவந்து பழையபடி வேலையில் நிறுத்தினார். பண்டகசாலைப் பொறுப்பை ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், உதவிக்கு இன்னொருவன் என்று நாலு உண்மையுள்ள ஆட்களிடம் ஒப்படைத்தார். உங்கள் பட்டியலை மாதாமாதம் கேட்க, கணவரோ மனைவியோ போதகரோ, குறைந்தது ஒருவராவது இருக்கட்டும்.